இரண்டு பல்புகளின் சாட்சியம்

முதல் தகவல் அறிக்கையின்படி குற்றவாளி, இறந்துபோனவர்தான். சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் தியாகதுருகத்துக்கு அருகே, பின்னிரவில், நின்றிருந்த சரக்கு லாரியின் பின்புறத்தில் அவர் ஓட்டிவந்த குட்டியானை மோதியது. குட்டியானை என்பது கல்வராயன் மலையிலிருந்து புளி ஏற்றி வந்த சின்னச் சரக்கு வண்டி. புகார் கொடுத்தவர் லாரி டிரைவர். "டயர் பஞ்சர். அப்போதுதான் ஓரங்கட்டினேன். பின்விளக்கு எரிந்தது. அந்த வண்டிதான் லைட் போடாமல் கண்மண் தெரியாத வேகத்தில் வந்தது" என்றார். மறுத்துப் பேச வேண்டியவர் பிணவறையில் இருந்தார். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் வழக்கமான ஒற்றை வரி: விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறந்தவருடைய மனைவி இரண்டு பிள்ளைகளோடு வழக்கறிஞரான என்னிடம் வந்தார். சட்டம் அவருக்குச் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின் கீழ், தன் கவனக்குறைவால் இறந்தவரின் வாரிசுகள் இழப்பீடு கேட்க முடியாது. பின்னால் மோதியவன் மேல்தான் தப்பு என்று சாலையில் எல்லோரும் சொல்வதைத்தான் இன்சூரன்ஸ் தரப்பும் சொன்னது. அந்தம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "லைட்டு இல்லாம அவரு வண்டிய எடுக்கவே மாட்டாருங்கய்யா."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஓய்வுபெற்ற தடய அறிவியல் அலுவலர் ஒருவரைத் தேடிப் போனேன். லாரியை எப்போதோ விடுவித்துவிட்டார்கள். நசுங்கிய குட்டியானை மட்டும் காவல் நிலைய வளாகத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அவர் முன்பகுதித் தகரத்தை விலக்கிப் பார்த்தபோது, லாரியின் பின்விளக்குக் கூடு ஒன்று பிய்ந்து அதற்குள்ளேயே சிக்கியிருந்தது. அதில் பல்பும் இருந்தது. நீதிமன்ற உத்தரவு பெற்று, அதையும் குட்டியானையின் முகப்பு விளக்கு பல்பையும் முறைப்படி கைப்பற்ற வைத்தோம்.

பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது இளகியிருக்கும். அந்த நிலையில் பலத்த அதிர்ச்சி விழுந்தால் சுருள் நீண்டு, வளைந்து, உருக்குலையும். விளக்கு அணைந்திருந்தால் இழை குளிர்ந்து விறைத்திருக்கும். சுருள் வடிவம் மாறாமல் பளிச்சென்று முறியும். எரியும்போது கண்ணாடி உடைந்து காற்றுப்பட்டால் இழை கறுத்து, வெளுத்த ஆக்சைடு பொடியும் படியும். குட்டியானையின் இழை நீண்டு வளைந்திருந்தது. லாரி பல்பின் இழைகள் இரண்டும், வழக்கமாக எரிவதும் பிரேக் போட்டால் எரிவதும், நிமிர்ந்த சுருளாகவே முறிந்திருந்தன. மோதல் ஒன்றுதான், ஒரு பல்பு எரிந்திருக்கிறது, மற்றது எரியவில்லை. என் தொழில் வாழ்க்கையில் இதைவிடத் தெளிவான சாட்சியை நான் கண்டதில்லை.

அடுத்து வேகம். டயர் தடத்தின் நீளத்தையும் தகரம் நசுங்கிய அளவையும் சேர்த்துக் கணக்கிட்டதில், பிரேக் மிதிக்கும் முன் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் என்று வந்தது. அந்த வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். தடையைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்றால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சரியான இடத்தில் கைவைத்தார்: "சாலையின் உராய்வு எவ்வளவு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" நிபுணர் தயங்கவில்லை. காய்ந்த தார்ச்சாலைக்கு 0.6 முதல் 0.8 வரை எதை எடுத்தாலும், வண்டி நிற்க மொத்தம் 43 முதல் 49 மீட்டர் வேண்டும் என்றார். எதிரே வரும் வண்டிக்காக விளக்கைத் தாழ்த்தியிருக்கும் ஓட்டுநருக்கு, சேறு படிந்து ஒளிர்பட்டை மறைந்த இருட்டு லாரி அவ்வளவு தூரத்தில் தெரிய வாய்ப்பில்லை.

"அப்போதுதான் நிறுத்தினேன்" என்பதை வீரசோழபுரம் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் பதிவு உடைத்தது. லாரி சாவடியைக் கடந்த நேரத்தையும் விபத்து நேரத்தையும் ஒப்பிட்டால், அது அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறது. எச்சரிக்கை முக்கோணம் வைத்ததற்கான அடையாளம் எந்தப் புகைப்படத்திலும் இல்லை. லாரியின் பின்புறத் தடுப்புக் கம்பி சரியாக இருந்திருந்தால் குட்டியானையின் கேபின் அடியில் நுழைந்திருக்காது, உயிரும் தப்பியிருக்கலாம் என்றும் நிபுணர் சொன்னார். அந்தம்மா அன்று நீதிமன்றத்தில்தான் இருந்தார். அந்தப் பதிலை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வாகனத்தை மற்றவர்களுக்கு ஆபத்தாக நிறுத்தக் கூடாது என்கிறது 122-வது பிரிவு. சாலை நடுவில் விளக்கில்லாமல் நின்ற டேங்கரில் கார் மோதிய ஆர்ச்சித் சைனி வழக்கில், கார் ஓட்டியவர் மேல் பங்குக் குற்றம் சுமத்த 2018-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இவ்வகை வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற நிகழ்தகவே போதும். முழுக் கவனக்குறைவும் லாரி மேல்தான் என்று மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்தது.

அந்தக் கூடு வண்டிக்குள் சிக்கியது தற்செயல். லாரியோடு போயிருந்தால் வழக்கே இல்லை. தீர்ப்பாயம் தனக்குத் துணையாக நிபுணரை வைத்துக்கொள்ள 169-வது பிரிவு இடம் தருகிறது. வழக்கறிஞர்களாகிய நாங்கள் அதை அரிதாகவே கேட்கிறோம். உங்கள் வீட்டில் இப்படியொரு சாவு விழுந்தால், துக்கத்திலும் யாராவது ஒருவர் காவல் நிலையத்துக்குப் போங்கள். இரண்டு வண்டிகளையும் நாலு பக்கமும் படமெடுங்கள். விளக்குகளைக் கைப்பற்றாமல் லாரியை விடுவிக்கக் கூடாது என்று அன்றைக்கே எழுத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள்.