நடக்க ஒரு பாதை, குளிக்க வெந்நீர்

ரிங்லெட் வாசகர்களே, தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மேலேறி வரும் கார்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாலையைக் கடப்பதே பெரும்பாடு. அத்தனை பேரும் எதைத் தேடி வருகிறார்கள்? குளிர்ந்த காற்றையும் கொஞ்சம் ஓய்வையும்தானே?

இந்த மலை ஓய்வுக்கென்றே திறந்துவிடப்பட்ட மலை. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்னார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, இதை மலைவாசத் தலமாக்கலாம் என்றார். சமவெளியின் வெக்கையில் வாடிய வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள இங்கே ஏறி வந்தார்கள். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சரிவுகளில் கூடை சுமந்தவர்களில் நம் தாத்தா பாட்டிமாரும் உண்டு. ஊரெல்லாம் ஓய்வெடுக்க வரும் மலையில், பிரட்டுக்கு எழுந்து ஓடிய அவர்களுக்கு ஓய்வு என்பது ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதோடு முடிந்துபோயிற்று. நம் வீட்டிலும் இன்று நிலைமை அதிகம் மாறிவிட்டதா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது பல நாடுகளில் ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. துறவிகள் விட்டுப்போன பழைய மடங்களைப் பழுதுபார்த்து, மன அமைதிக்கும் உடல் நலத்துக்கும் உரிய விடுதிகளாக மாற்றுகிறார்கள். இத்தாலியில் அமால்ஃபி கடற்கரைப் பாறையின் மேல் சாந்தா ரோசா என்ற கன்னிமார் மடம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பின்னாளில் கவனிப்பாரற்றுக் கிடந்த அதை 2000-இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி வாங்கினார். பல வருடங்கள் செலவழித்துச் செப்பனிட்டு, 2012-இல் 20 அறைகள் கொண்ட விடுதியாகத் திறந்தார். கன்னிமார் வாழ்ந்த கல் வளைவுகளின் கீழ் இன்று நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடக்கின்றன. அழகான இடம், சந்தேகமில்லை. ஆனால் ஓர் இரவு தங்கினால் நம் வீட்டின் மாதச் சம்பளம் காணாமல் போகும்!

காசு இருந்தால்தான் இந்தச் சுகமா? அப்படியானால் நம்மை ஒத்த தேயிலை மக்கள் வாழும் இலங்கைக்கு என்னோடு வாருங்கள். குருநாகல் மாவட்டத்துக் காட்டில் அரங்கெலே என்ற இடம். சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்குள்ள குகைகளில் பௌத்தத் துறவிகள் தங்கினார்கள். பிறகு கல்லால் மடம் எழும்பியது. காலப்போக்கில் மடம் கைவிடப்பட்டது. காடு அதை மூடிக்கொண்டது. இன்று அந்த இடிபாடுகளைத் தொல்பொருள் துறை பாதுகாக்கிறது. அவற்றை ஒட்டியே வனத் துறவிகளின் ஆசிரமம் ஒன்று மறுபடியும் உயிர் பெற்றிருக்கிறது. கூரை போன மடத்துக்குப் பக்கத்தில், அன்று செய்த அதே தியானத்தை இன்றும் செய்கிறார்கள்.

அந்த இடிபாடுகளில் இரண்டு பொருள்களைக் கவனியுங்கள். ஒன்று, மரநிழலில் நேராக ஓடும் கல் பாவிய நடைபாதை. மற்றொன்று, நோயுற்ற துறவிகளுக்கான வெந்நீர் அறை. 'ஜந்தாகரம்' என்பது அதன் பெயர். உள்ளே தீ மூட்டும் இடம் இருக்கிறது; மூலிகை அரைத்த கற்களும் கிடக்கின்றன. தியானம் செய்யும் மடத்தில் இவை எதற்கு?

பௌத்தர்களின் விநய நூல் ஒரு கதை சொல்கிறது. வைசாலி நகரத்து மக்கள் துறவிகளுக்கு வரிசையாக நல்ல விருந்து படைத்தார்கள். தின்று தின்று துறவிகளுக்கு உடம்பு கெட்டுப்போயிற்று. அங்கே வந்த ஜீவகர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் அதைப் பார்த்தார். நேரே புத்தரிடம் போய், இவர்களுக்கு ஒரு நடைபாதையும் ஒரு வெந்நீர் அறையும் அனுமதியுங்கள் என்று கேட்டார். புத்தரும் சம்மதித்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு அவ்வளவுதான்! நடைப் பழக்கத்தால் ஐந்து நன்மைகள் என்றும் பௌத்த நூல் கணக்குச் சொல்கிறது: தூரப் பயணம் தாங்கும், உழைக்கத் தெம்பு வரும், நோய் குறையும், உண்டது செரிக்கும், மனம் ஒன்றி நெடுநேரம் நிற்கும்.

"நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறோம். இன்னும் நடக்கச் சொல்கிறீர்களே!" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நடை வேறு, இந்த நடை வேறு. அது முதுகில் சுமையோடு, எடை நிறுக்கும் நேரத்தை நினைத்தபடி நடக்கும் நடை. இது போய்ச் சேர இடமே இல்லாத நடை. இருபது அடி போய்த் திரும்பி வந்தால் போதும். கால் தரையில் படுவதை மட்டும் கவனிக்க வேண்டும். மேற்பார்க்க மண்டோர் கிடையாது. நிறுக்கத் தராசும் கிடையாது.

வெந்நீர் அறையும் நமக்குப் புதிதல்ல. சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு வேது பிடித்தவர்கள்தானே நம் பாட்டிமார்? மாலையில் கால்களை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் சூட்டை மற்றவர் கையால் சோதித்த பிறகே கால் வைக்க வேண்டும். அவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். விடாத முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் கிளினிக்குத்தான் போக வேண்டும்.

கண்டிச் சீமையில் கலஹாவுக்கு அருகே, தேயிலை மலைகளுக்கு நடுவே நிலம்பே என்ற தியான நிலையம் இருக்கிறது. கோட்வின் சமரரத்ன என்பவர் 2000-இல் மறையும் வரை அங்கே வழிகாட்டியாக இருந்தார். ஆடம்பரம் ஏதும் கிடையாது. எளிய அறை, எளிய சாப்பாடு, பேச்சில்லாத நேரம். கொழுந்து மலையிலும் இப்படி ஓர் இடம் நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் மலையிலும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விடுதியாகலாம். அதில் தவறில்லை, நம் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் அங்கே படுக்கை விரித்து, தேநீர் கொண்டு கொடுப்பது மட்டும்தான் நம் பங்கு என்று இருந்துவிடலாமா? தோட்டத்துக் கோயில் மண்டபம் வார நாளில் பூட்டித்தானே கிடக்கிறது? வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு எல்லாரும் பேசாமல் உட்காரலாம். பிராகாரத்தை மெல்ல நடக்கலாம். எந்த மதத்தாரும் வரலாம். அதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. கோயில் கமிட்டியிடம் சாவியைக் கேட்டால் போதும். இந்த வாரமே கேட்டுப் பாருங்களேன்.