விற்பனை கூடியிருக்கிறது... கடைக்காரர் முகம் ஏன் மலரவில்லை? - சிங்கப்பூரில் ஒரு கடைத்தெரு உலா

சிங்கப்பூரில் ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதி வாக்கில் ஓர் எண் வெளியாகும். நாடு முழுக்கக் கடைகளில் நடந்த சில்லறை விற்பனை, போன வருடம் இதே மாதத்தைவிட எத்தனை சதவிகிதம் கூடியது, எத்தனை குறைந்தது என்று அரசின் புள்ளிவிவரத் துறை தரும் கணக்கு அது. ஜனவரி மாதக் கணக்கு மார்ச் தொடக்கத்தில் வரும். சில மாதங்களில் எண் ஏறியிருக்கும்; ஆனால், கடைக்காரரிடம் கேட்டால் “வியாபாரம் டல்” என்பார். இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்க்க அந்த ஊரின் கடைத்தெருக்களில் ஒரு சுற்று வரலாம், வாங்க!

சைனாடவுன்: இடம் மாறும் பண்டிகை

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சைனாடவுன் வீதிகளில் நடக்கவே இடம் இருக்காது. சிவப்புத் தோரணம், ஆரஞ்சுப் பழம், இனிப்பு, புதுத்துணி என்று வாங்கிக் குவிப்பார்கள். இந்தப் பண்டிகை சந்திர நாள்காட்டிப்படி வருவதால், ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் இடையே இடம் மாறிக்கொண்டே இருக்கும். 2024-ல் பிப்ரவரி 10. 2025-ல் ஜனவரி 29.

அதனால் 2025-ல் பண்டிகைக் கூட்டம் முழுவதும் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. கணக்கு வந்தபோது ஜனவரி ஏறியிருந்தது, பிப்ரவரி இறங்கியிருந்தது. மக்கள் திடீரென்று பணக்காரர்களாகி மறுமாதமே ஏழையாகிவிடவில்லை. நாள்காட்டி செய்த வேலை அது! விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மாதங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். நோன்புப் பெருநாளும் இப்படித்தான், வருடத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னே நகரும்.

சிராங்கூன் சாலை: தங்கம் காட்டும் கண்கட்டு

அடுத்து நம்மவர்களின் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடந்தால், நகைக்கடைகள் வரிசையாக வரும். தீபாவளி சமயத்தில் தெரு முழுக்க விளக்கு அலங்காரம் ஜொலிக்கும். ஆனால், அங்கு வசிப்பவர்களில் இந்திய வம்சாவளியினர் நூற்றுக்கு ஒன்பது பேர்தான். அதனால் சீனப் புத்தாண்டு அளவுக்குத் தீபாவளியால் நாட்டின் எண்ணை அசைத்துவிட முடியாது.

நகைக்கடையில் வேறொரு பாடம் இருக்கிறது. ஒரு கணக்குக்காக, கிராம் 80 வெள்ளி விற்றபோது ஒருவர் 20 கிராம் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,600 வெள்ளி. (டாலரை அங்குள்ள தமிழர்கள் ‘வெள்ளி’ என்பார்கள்.) விலை 120 ஆனதும் பயந்துபோய் 15 கிராமோடு நிறுத்திக்கொண்டார். மொத்தம் 1,800 வெள்ளி. கல்லாவில் விழுந்த பணம் கூடியது. வீட்டுக்குப் போன தங்கம் குறைந்தது. தலைப்புச் செய்தியில் வரும் எண் பணத்தைத்தான் எண்ணுகிறது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் கணக்கும் உண்டு; அதை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

முஸ்தபா: விமானத்தில் வரும் வாடிக்கையாளர்

சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டர். ஊசி முதல் ஃபிரிட்ஜ் வரை கிடைக்கும் இந்தக் கடை, கொரோனாவுக்கு முன்பு 24 மணி நேரமும் திறந்திருந்தது. இப்படிப்பட்ட கடைகளுக்குச் சுற்றுலாப் பயணிகள்தான் பெரிய பலம். 2020-ல் ஊரடங்கு வந்து விமானமும் நின்றபோது, மே மாத விற்பனை முந்தைய வருடத்தைவிட 52.1 சதவிகிதம் சரிந்தது. அந்த மாதம் நடந்த விற்பனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஆன்லைனில். 1858-ல் தொடங்கிய ராபின்சன்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரும் அதே வருடம் மூடுவிழா அறிவித்தது.

நீங்கள் சுற்றுலா போனால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். அங்கு ஜி.எஸ்.டி 9 சதவிகிதம். அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். பாஸ்போர்ட்டைக் கடையிலேயே காட்டிவிடுங்கள்.

அடுக்குமாடிக் கீழ்த்தளம்: அரசு தரும் கூப்பன்

சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளக் கடைகள். பலசரக்கு, பாத்திரம், தையல் என்று சின்னச் சின்னக் கடைகள். ஒரு கார் விற்றால் மாதக் கணக்கில் ஏறும் தொகையை எட்ட, இந்தக் கடைகள் எத்தனை பிளாஸ்டிக் வாளி விற்க வேண்டும்? அதனால்தான் கார் விற்பனையை நீக்கிவிட்டு இன்னொரு எண்ணையும் தனியே தருகிறார்கள்.

இந்தக் கடைகள் பிழைக்க அரசும் ஒரு வழி செய்கிறது. குடும்பங்களுக்கு ‘சிடிசி’ பற்றுச்சீட்டு கொடுக்கிறது. 2025 ஜனவரியில் வீட்டுக்கு 300 வெள்ளி. அதில் பாதியை சூப்பர் மார்க்கெட்டில் செலவழிக்கலாம். மறு பாதியை அக்கம்பக்கக் கடைகளிலும் உணவங்காடிகளிலும்தான் கொடுக்க வேண்டும்.

கடற்பாலம்: கணக்கில் வராத பை

வார இறுதியில் ஜொகூர் கடற்பாலத்தைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் மலேசியா. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும் என்பதால் மளிகை, மருந்து, முடிவெட்டு எல்லாவற்றையும் அங்கே முடித்துக்கொண்டு, கை நிறையப் பைகளோடு திரும்புகிறார்கள். சிங்கப்பூர் சம்பளம்தான், ஆனால், விற்பனை மலேசியாவின் கணக்கில் ஏறுகிறது.

இரு ஊர்களையும் இணைக்க 4 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் போகலாம். பயணம் சுமார் ஐந்து நிமிடம். குடும்பங்களுக்கு அது மாதச் செலவில் மிச்சம். கீழ்த்தளப் பலசரக்குக் கடைக்காரருக்கோ, நேற்றுவரை தன்னிடம் அரிசி வாங்கியவர் இனி வருவாரா என்ற கவலை. அவருக்கான பதில் அந்த மாத எண்ணில் தனியாகத் தெரியாது. அவர் கடையின் கல்லாவில்தான் தெரியும்.