முதுமையும் நம் கடமையும்

மழை வருமுன் கூரை வேய்தல் நம் ஊர்க் குடியானவர் வழக்கம். மும்பையில் குடியேறிய பின்னரும் நாம் அவ்வழக்கத்தைக் கைவிட்டோமில்லை. ஆனி மாத மழைக்கு வைகாசியிலேயே சன்னல்களைப் பழுது பார்த்து விடுகிறோம். ஆயின், தவறாமல் வரவிருக்கும் வேறொரு பருவத்துக்கு நாம் ஆயத்தமாகவில்லை. அதுவே முதுமை. தனியொருவர் முதுமையை நான் கூறவில்லை. ஒரு தலைமுறை முழுவதும் ஒருங்கே முதுமையடையும் காலத்தையே கூறுகிறேன்.

நாடு விடுதலை பெற்ற பிறகு கொள்ளைநோய்கள் ஒடுங்கின; 1953இல் மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. இறப்பு விரைந்து குறைந்தது. பிறப்போ உடனே குறையவில்லை. அதனால் 1951இல் 36 கோடியாக இருந்த நம் மக்கள் தொகை 1971இல் ஏறத்தாழ 55 கோடியாயிற்று. அந்நாளில் தொட்டிலில் கிடந்த குழந்தைகளே இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்து நிற்கின்றனர். அவருள் நானும் ஒருவன். 1973இல் தட்டெழுத்துச் சான்றிதழ் ஒன்றையே செல்வமாகக் கொண்டு இந்நகருக்கு வந்தேன்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். 2031இல் இது 13.1 ஆகும் என்று அரசின் வல்லுநர் குழு கணித்துள்ளது. தமிழ்நாட்டுக்கு அக்குழு கூறும் எண் 18.2, கேரளத்துக்கு 20.9. மேலைநாடுகளுக்கு இம்மாற்றம் மெல்ல வந்தது. பிரான்சு நாட்டில் அறுபத்தைந்து கடந்தோர் நூற்றுக்கு ஏழிலிருந்து பதினான்காவதற்கு 115 ஆண்டுகள் சென்றன. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை 24 ஆண்டுகளே வாய்த்தன. அந்நாடு விழித்துக்கொண்டு, 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை ஏற்படுத்திற்று. நாற்பது வயதிலிருந்தே ஒவ்வொருவரும் அதற்குப் பணம் செலுத்துகின்றனர். முதுமைக்கு ஆயத்தம் செய்ய வேண்டியவர் முதியவர் அல்லர், நடுவயதினரே என்பது இதனால் விளங்கும்.

எங்கள் இல்லத்தையே சான்றாகக் கூறுகிறேன். எனக்கு வயது 72. என் அன்னையாருக்கு 91. மகன் பெங்களூரில் இருக்கிறான். மகள் கடல் கடந்து வாழ்கிறாள். ஆதலின் முதியவரை முதியவரே பேணும் நிலை. எங்கள் வீடு மூன்றாம் மாடியில் உள்ளது, மின்தூக்கி இல்லை. அன்னையார் 1976இல் இங்கு வந்தார். பள்ளிக்கூடத்தைக் கண்டறியாத அவர், காய்கறிச் சந்தையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்றே மராட்டி கற்றார். என்னினும் நன்றாகவே பேசினார். மூன்றாண்டுகளுக்கு முன் மறதி நோய் கண்டது. முதலில் இந்தி மறைந்தது. பின்னர் மராட்டியும் மறைந்தது. இன்று அவரிடம் எஞ்சி நிற்பது பிறந்த ஊரின் தமிழ் ஒன்றே. பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே மறைவதும், தாய்மொழி கடைசி வரை நிற்பதும் இந்நோயில் பலரிடம் காணப்படுவனவே.

சென்ற ஆண்டு காய்ச்சல் முற்றி, அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். உறவினரை உள்ளே விடாத தீவிர சிகிச்சைப் பகுதி அது. இரவெல்லாம் அவர் "நாக்கு வறளுது, நாக்கு வறளுது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். செவிலியர் அன்பற்றவர் அல்லர், மொழி அறியாதவர். "அமைதியின்றிப் பிதற்றுகிறார்" என்று குறிப்பேட்டில் எழுதித் தூக்க மருந்து கொடுத்துவிட்டனர். மூன்றாம் நாள் பணிக்கு வந்த பாலக்காட்டுச் செவிலிப் பெண் ஒருத்தி, "பாட்டிம்மா தண்ணீர் அல்லவோ கேட்கிறார்!" என்று கூறிய பின்னரே உண்மை வெளிப்பட்டது.

அன்பர்களே, இது எங்கள் வீட்டுச் செய்தி மட்டும் அன்று. இந்தியாவில் அறுபது கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் அவருள் இல்லாமற் போவரோ? அவர்கள் தமிழிலே அழைக்கும்போது மறுமொழி கூறுபவர் யார்?

"பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பர் சிலர். பிழைப்பை நாடி நாம் இங்கு வந்தது போல், அவர்களும் வேறிடம் சென்றுள்ளனர். "ஊருக்கே திரும்பிவிடுவோம்" என்பர் வேறு சிலர். ஊரும் நம்முடன் சேர்ந்தே மூப்படைகிறது. நம்மைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் அங்கே இன்று எத்தனை பேர்?

அரசு வாளாவிருக்கிறது என்று கூற மாட்டேன். பெற்றோரைப் பேணாத மக்களிடமிருந்து சீவனாம்சம் பெற 2007இல் சட்டம் வந்தது. ஓய்வூதியர் நேரிற் செல்லாமலே உயிர்ச்சான்று அளிக்க 2014இல் வழி பிறந்தது. எழுபது கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. இவையெல்லாம் வேண்டுவனவே. எனினும் சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். பக்கத்தில் அமர்ந்து ஒரு குவளை நீரை வாயில் ஊற்றுமோ?

அதனை அயலாரே செய்யலாம் என்று கோழிக்கோட்டு மக்கள் காட்டினர். 1993இல் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நோவு தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். படுக்கையிற் கிடப்போர் அனைவரையும் மருத்துவமனைக்கு வரவழைத்தல் இயலாது என்று கண்டு, ஊர் மக்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஆசிரியரும் மாணவரும் கடைக்காரரும் தத்தம் தெருவிலுள்ள நோயாளர் வீட்டுக்குச் சென்றனர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

நம் சங்கமும் இயன்றதைச் செய்யலாம். முதலாவது, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள தமிழ் முதியோரின் பெயர், வயது, மாடி, இடருற்றால் அழைக்க வேண்டியவர் ஆகிய விவரங்களை ஏட்டில் பதிதல். இரண்டாவது, "தாகம்", "வலிக்கிறது", "குளிர்கிறது" முதலான சொற்களை மராட்டி எழுத்தில் பொருளுடன் அச்சிட்டு, நோயாளர் கட்டிலில் தொங்கவிட அட்டை ஒன்று தருதல். மூன்றாவது, ஐம்பது முதல் அறுபத்தைந்து வயது வரை உள்ள உறுப்பினர் வாரம் இரண்டு மணி நேரம் முதியவர் ஒருவரிடம் சென்று தமிழில் உரையாடுதல். நான்காவது, சங்கக் கூட்டத்தை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றுதல். பொங்கல் விழாவுக்குக் கூட்டம் குறைகிறதே என்று வருந்துகிறோம். படி ஏற இயலாமையே பலர் வாராமைக்குக் காரணம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டின் இருபுறமும் கைப்பிடி வைத்தோம்; ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டோம். செலவு பெரிதன்று. இரண்டாண்டுகளாக வீட்டை விட்டு இறங்காதிருந்த குஜராத்தி முதியவர் ஒருவர் இப்போது மாலைதோறும் கீழே வந்து அமர்கிறார். முதுமைக்குச் செய்யும் ஏற்பாடு மொழி பார்த்துப் பயன் தருவதில்லை.

மண்டபத்தை விரிவாக்கச் சங்கம் நிதி திரட்டி வருகிறது. அதில் ஒரு பகுதியை இப்பணிக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். இன்று ஐம்பது வயதிலுள்ள அன்பர்கள் இதனைப் பிறருக்குச் செய்யும் அறம் என்று எண்ண வேண்டா; இருபதாண்டுகள் கழித்துத் தாமே நுழையப் போகும் வீட்டுக்கு இன்றே கால்கோள் செய்கின்றனர் என்று கொள்வார்களாக.