பூ எழுதும் பெண்கள்



ஹங்கேரியின் வடகிழக்கில் மெஸோகொவெஷ்த் என்று ஒரு சிறு நகரம். அங்குள்ள மத்யோ மக்களின் பூத்தையலை 2012இல் யுனெஸ்கோ தன் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே துணியில் பூவை வரைபவர் ஒருவர், தைப்பவர் இன்னொருவர். வரைபவரை 'எழுதும் பெண்' என்பார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் கிஷ் யாங்கோ போரி (1876–1954). அவருடைய வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

நாங்கள் ஆசிரியைகள் சிலர் இந்தத் தையலைப் பழகுகிறோம். பூவிதழின் ஓர் ஓரத்தில் ஊசி ஏறி மறு ஓரத்தில் இறங்க வேண்டும். நூல்கள் இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும். இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும், தளர விட்டால் நூல் தொங்கும். ஒரு ரோசாப்பூ முடிவதற்குள் கழுத்து வலித்துவிடும்.

பார்க்க ஆடம்பரமாகத் தெரியும் இந்தத் தையலுக்குப் பின்னால் வறுமையும் இருந்தது. அந்த ஊர்க்காரர்களில் பலருக்கு நிலம் போதவில்லை. பருவகாலக் கூலிகளாகத் தூரத்துப் பண்ணைகளுக்குப் போனார்கள். பெண்கள் தைத்து விற்ற காசு குடும்பத்துக்குக் கைகொடுத்தது.

நம் ஊரிலும் ஊசி நூலை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் உண்டு. விலை பேசும்போது துணிக்கும் நூலுக்கும் மட்டும் கணக்குப் பார்த்தால், அந்தச் சகோதரி குனிந்திருந்த மணித்தியாலங்கள் எங்கே போகும்? வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பெருநாள் உடுப்புத் தைக்கக் கொடுக்கும்போது இதை நினைவில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.