ஏரி இருந்த இடத்தில்

ஞாயிறு

மாலையில் மொட்டை மாடியில் அசோசியேஷன் கூட்டம். மேற்கு மாம்பலத்தில் எண்பதுகளில் கட்டிய ஃபிளாட் எங்களுடையது. தரைத்தளத் தூண்களில் சிமென்ட் பூச்சு பெயர்ந்து துருவேறிய கம்பி தெரிகிறது. லிஃப்ட் கிடையாது. மூட்டுவலியால் மூன்றாம் மாடி மாமி கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். இடித்துக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2022இல் வந்த அடுக்குமாடிச் சட்டப்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் போதும். வாடகைக்கு இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை. பதினைந்து வருடமாக இங்கே குடியிருக்கும் கீழ்வீட்டுக்காரர்கள் இன்று மாடிக்கே வரவில்லை. அது மனசை உறுத்துகிறது.

நிலத்தில் பிரிபடாத பங்கான யு.டி.எஸ். எவ்வளவு, கூடுதலாக எத்தனை சதுர அடி கிடைக்கும், கட்டி முடிக்கும்வரை பில்டர் வாடகை தருவாரா என்றே பேச்சு போனது. பின்பக்கத்துக் கிணற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பில்டரின் வரைபடத்தில் அது இருக்கும் இடத்தில் ஒரு கார் நிற்கிறது.

செவ்வாய்

காய்கறி வாங்கப் போகும் வழியில் லேக் வியூ ரோடு. பெயரில் மட்டும்தான் இப்போது ஏரி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தி.நகர் எழுந்தது 1920களில், மாம்பலத்தின் பெரிய ஏரியை வடித்துவிட்டுத்தான். இந்த மண் இன்னும் அதை மறக்கவில்லை. 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலத் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோது எங்கள் கிணற்றில் நீர் இருந்தது. மழைநீர் சேகரிப்பு கட்டாயமான 2003இல் மொட்டை மாடிக் குழாயை நேராகக் கிணற்றில் இறக்கியிருந்தோம். அந்தச் செலவுக்கும் அன்று முணுமுணுப்பு இருந்தது.

வியாழன்

பின் தெருவில் புதிதாக எழுந்திருக்கும் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கீழே பேஸ்மென்ட், மேலே ஸ்டில்ட் பார்க்கிங், மதிலுக்கு மதில் சிமென்ட் கல். வெறும் மண் ஒரு முழம்கூட இல்லை. பள்ளம் தோண்டியபோது ஊறிவந்த நீரை இரவு பகலாக மோட்டார் வைத்து சாக்கடையில் விட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் கிணற்றிலும் மட்டம் இறங்கியது. நிலத்தடி நீருக்கு மதில் ஏது? ஒரு வீட்டார் போடும் ஒப்பந்தம் தெருவையே பாதிக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் தெருவுக்குக் கையெழுத்து இல்லை.

ஞாயிறு

மறுபடி கூட்டம். கிணறு அப்படியே இருக்க வேண்டும், மாடித் தண்ணீர் அதற்கே போக வேண்டும், பின்பக்க மண்ணுக்குக் கல் பதிக்கக் கூடாது, பேஸ்மென்ட் வேண்டாம் என்று எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன்.

"ஒரு கார் பார்க்கிங் போயிடுமே மேடம்" என்றார் செயலாளர்.

"என்னோடதை விட்டுத்தரேன் சார்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமிதான் குரலெடுத்தார்: "லிஃப்டும் வேணும், கிணறும் வேணும்னு எழுதிக்கோங்கோ."

செயலாளர் எழுதிக்கொண்டார். பில்டரிடம் இந்த வாரம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தி ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.