ஒரே பாயில்

நவராத்திரி வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலுள்ள ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு தனியழகு வந்துவிடுகின்றது. மற்றை நாட்களில் வாய்பாடு ஒலிக்கும் மண்டபத்திலே தேவாரம் ஒலிக்கும். வெண்கட்டித் தூள் மணக்கும் இடத்திலே சாம்பிராணி மணக்கும். யாரோ ஓர் ஆச்சி பெட்டகத்தில் மடித்து வைத்திருந்த பட்டுச்சேலை கரும்பலகையை மறைத்துத் திரையாகத் தொங்கும். அதன் முன்னே நிறைகுடமும் குத்துவிளக்கும் கலைமகளின் படமும் வீற்றிருக்க, வாசலில் செருப்புக்கள் குவிந்து கிடக்கும்.

முதல் மூன்று நாள் துர்க்கைக்கும், நடு மூன்று நாள் இலக்குமிக்கும், கடை மூன்று நாள் சரசுவதிக்கும் உரியன என்பது வழக்கு. பள்ளிக்கூடத்திலே இவ்விழாவுக்கு வாணி விழா என்று பெயர். பெரிய கல்லூரிகளில் மேடையும் ஒலிபெருக்கியும் சிறப்பு விருந்தினரும் சூழ நடைபெறும் வாணி விழாவைப் பற்றி நாம் இங்கே எழுத வரவில்லை. முதலாம் வகுப்புமுதல் ஐந்தாம் வகுப்புவரை மாத்திரமே உள்ள, நாலைந்து ஆசிரியர்கள் நடத்தும் ஊர்ப் பள்ளிக்கூடத்து விழாவைப் பற்றியே சில வார்த்தை சொல்ல விரும்புகின்றோம்.

அங்கே விழா முதல்நாளே தொடங்கிவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பள்ளிக்கூடத்தில்தான் "பெரிய பிள்ளைகள்" என்ற பட்டம் கிடைக்கும். அவர்கள் வாங்குகளைத் தூக்கி விறாந்தையில் அடுக்குவார்கள். சிறியவர்கள் தும்புத்தடியோடு ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு கூட்டுவார்கள். ஒரு வீட்டிலிருந்து குருத்தோலை வரும். இன்னொரு வீட்டிலிருந்து பாய் வரும். வேறொரு வீட்டிலிருந்து கடகம் நிறையச் செவ்வரத்தம்பூ வரும். தோரணம் பின்னத் தெரிந்த முதியவர் ஒருவர் மரநிழலில் குந்தியிருந்து, "இப்பிடி மடி தம்பி, ஓலையை முறிச்சுப் போடாதை" என்று சொல்லிக்கொடுப்பார். கணக்கிலே எப்போதும் பின்வாங்கில் இருக்கும் பையன் மாவிலை பறிக்க மரத்தில் முதலாவதாக ஏறுவான். அன்றைக்கு அவனைக் கேட்டே மற்றவர்கள் வேலை செய்வார்கள்.

கும்பத்தைச் சுற்றி மண் பரப்பி நவதானியம் விதைக்கும் வழக்கமும் உண்டு. பயறும் எள்ளும் நெல்லும் இரண்டொரு நாளிலே தலைகாட்டும். வெயில் படாத மூலையில் வளரும் அந்த முளைகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென்று நீளும். "ஏன் ரீச்சர், எங்கடை தோட்டத்துப் பயறு பச்சையாயெல்லோ இருக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் இலையில் பச்சையம் உண்டாகாது என்ற பாடத்தை அன்று புத்தகம் இல்லாமலே அந்தப் பிள்ளை படித்துவிடுகின்றது.

பள்ளிக்கூடத்துக்கும் நவராத்திரிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் நவராத்திரி வந்ததும் சட்டம்பியார் தம்முடைய மாணாக்கரை வீடு வீடாக அழைத்துச் சென்று பாடச் செய்வார். வீட்டார் மனமுவந்து கொடுக்கும் காசும் அரிசியும் அவருடைய வருவாயில் ஒரு பங்காகும். விசயதசமியன்று பரப்பிய அரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவித்து ஏடு தொடக்குவதும் அவரே. அந்த வழக்கம் இன்றும் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அப்படியே இருந்து வருகின்றது.

பின்னர் காலம் மாறியது. அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிப் பள்ளிக்கூடங்களை நிறுவினார்கள். ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதன்பின் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அவற்றுட் பல, காணி கொடுத்தவர் ஒருவர், பனைமரம் கொடுத்தவர் ஒருவர், கிடுகு வேய்ந்தவர் ஒருவர் என ஊரார் கூடி எழுப்பியவை. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறாக வைத்து, அதனைப் பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் கோயிலுக்கு உதவியதுபோலவே கல்விக்கும் உதவியது.

ஆயினும் ஊரார் கட்டிய பள்ளிக்கூடம் ஊரார் எல்லாருக்கும் ஒரே வகையாகத் திறந்திருக்கவில்லை. இதனை நாம் மறைத்துப் பேசுதல் தகாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் இடமே கிடைக்கவில்லை. இடம் கிடைத்த பள்ளிகளிலும் மற்றவர் வாங்கில் இருக்க அவர்கள் நிலத்தில் இருந்தார்கள். 1924 ஆம் ஆண்டில் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர்பெற்ற இயக்கம் இக்கொடுமையைக் கண்டித்தது. சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்று பேசியது. 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் யாவரும் சமமாக இருத்தப்படல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பள்ளிக்கூடங்களுக்குத் தீயும் வைத்தார்கள். பிள்ளைகள் அருகருகே இருந்து படிக்கக்கூடாது என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரிக்கத் துணிந்த மனிதரும் இம்மண்ணில் வாழ்ந்தார்கள்.

1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியினால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்மூலம் உதவி பெற்ற பள்ளிகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரே, இன்று நாம் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு காட்சி ஊர்தோறும் வாய்த்தது. பூசை முடிந்ததும் மண்டபத்தின் ஓரமாக நீளப் பாய் விரிக்கின்றார்கள். பிள்ளைகள் வரிசையாகச் சப்பாணி கட்டி அமர்கின்றார்கள். ஒரே பாத்திரத்திலிருந்து அவலும் கடலையும் புக்கையும் எல்லா இலைக்கும் வருகின்றன. கமக்காரரின் பிள்ளையும், கூலி வேலைக்குப் போகின்றவரின் பிள்ளையும், உத்தியோகத்தரின் பிள்ளையும் முழங்கால் முட்ட இருந்து உண்கின்றார்கள். இந்தப் பந்திக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களாகிய நாம் அதனை மறந்துவிடல் ஆகாது.

மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்வோம். ஊரின் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு, நாட்டின் பொருளாதாரம் நிலைகுலைந்து, அரிசியும் மாவும் சீனியும் எட்டாத விலைக்கு ஏறியிருந்த காலம். அப்பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு நாட் பூசை என ஒதுக்கி, பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் குறித்திருந்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டன. நான்காம் வகுப்பின் பூசை நாளன்று அவ்வகுப்பில் மூன்று பிள்ளைகள் வரவில்லை. மறுநாள் ஆசிரியை அவர்களுள் ஒரு சிறுமியை அழைத்து, "ஏன் பிள்ளை நேற்று வரேல்லை?" என்று கேட்டார்.

"வயித்துக்குத்து, ரீச்சர்."

பக்கத்தில் நின்ற அவளுடைய தம்பி முதலாம் வகுப்புப் படிப்பவன். பொய் சொல்ல இன்னும் பழகாதவன். "அம்மாட்டைக் காசில்லை, ரீச்சர். பேர் இல்லாமல் போகமாட்டன் எண்டு அக்கா அழுதவ" என்றான்.

அன்று மாலையே அந்தப் பட்டியல் பலகையிலிருந்து இறங்கியது. அடுத்த ஆண்டு தொகையும் இல்லை, பட்டியலும் இல்லை. வாசலில் ஒரு பெரிய கடகத்தை வைத்து அதன்மேல் வெள்ளைத் துணியொன்றை மூடியிருந்தார்கள். காலையில் வரும் பிள்ளை, கொண்டுவந்ததைத் துணியின் கீழே வைத்துவிட்டு உள்ளே போகவேண்டியதுதான். ஒரு தேங்காயோ, ஒரு சிறங்கை அரிசியோ, நாலு வெற்றிலையோ, எதுவும் இல்லாவிட்டால் ஒரு பூவோ, அது அவரவர் வீட்டு நிலைமை. அந்த ஆண்டு வடையும் மோதகமும் இல்லை. அவலும் வாழைப்பழமும் மாத்திரமே இருந்தன. கூடக் கொடுத்த இரண்டொரு பெற்றார் தங்கள் பெயர் வாசிக்கப்படவில்லையே என்று முணுமுணுத்ததும் உண்மைதான். ஆனால் ஒன்பது நாளும் எந்தப் பிள்ளைக்கும் வயிற்றுக்குத்து வரவில்லை. நம்முடைய பாட்டிமார் அறிந்திருந்த பிடியரிசி, பெயரை மாற்றிக்கொண்டு அந்தக் கடகத்துக்குள் வந்து இருந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

உணவைப் போலவே கலைநிகழ்ச்சியிலும் பந்தி வஞ்சகம் நேர்வதுண்டு. நடனம் பழகிய பிள்ளையும், குரல் இனிய பிள்ளையும், பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளையும் ஒவ்வோர் ஆண்டும் மேடையேறுவார்கள். மற்றவர்கள் ஐந்து ஆண்டும் கைதட்டிவிட்டு ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். சிறிய பள்ளிக்கூடத்தில் இதனைத் தவிர்ப்பது கடினமன்று. குமரகுருபர சுவாமிகள் அருளிய சகலகலாவல்லிமாலையில் உள்ளவை பத்துப் பாடல்கள். அவற்றை இருவர் மூவராகப் பங்கிட்டுக் கொடுத்தால் இருபது, முப்பது பிள்ளைகளுக்கு அன்று பாட இடம் கிடைக்கும். திக்கிப் பேசும் பிள்ளைகள் பலர் கூடிப் பாடும்போது திக்குவதில்லை. ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவார்கள். அறியவேண்டியவர்கள், "எங்கடை பிள்ளையைத் தனியாப் பாட விடுங்கோ" என்று வந்து நிற்கும் பெற்றாரே.

விழா பிள்ளைகளுக்கு மாத்திரம் உரியதுமன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோது பள்ளிக்கூடங்களும் அவர்களோடு பெயர்ந்தன. வேறொரு பள்ளியின் கட்டடத்தில் மாலை நேரத்திலும், மரநிழலிலும், கொட்டிலிலும் வகுப்புக்கள் நடந்தன. அப்படியிருந்தும் ஒரு படத்தை வைத்து, ஒரு விளக்கை ஏற்றி, பிள்ளைகளைப் பாடச் செய்யும் வழக்கத்தை ஆசிரியர்கள் விடவில்லை. ஊரை இழந்தவர்களுக்குத் தம்முடைய ஊராரை ஓரிடத்தில் காண்பதற்கு அது ஒரு வாய்ப்பாயிற்று. இன்று வேறொரு வகையில் ஊர்கள் மெலிகின்றன. பிள்ளைகள் பட்டணத்துப் பெரிய பள்ளிகளுக்கு வாகனம் ஏறிப் போகின்றார்கள். பல குடும்பங்கள் கடல் கடந்துவிட்டன. ஊர்ப் பள்ளியில் வகுப்புக்குப் பத்துப் பிள்ளைகளும் இல்லாத நிலைமை பல இடங்களில் உண்டு. அங்கே வாணி விழா நின்றுவிட்டால், சாதியும் பகையும் பாராமல் ஊரவர் கூடியிருக்கும் ஓர் இடம் இல்லாமற் போய்விடும்.

விழாக்கள் வேறுபடலாம், பாய் ஒன்றே. தைமாதத்தில் முற்றத்திலே கல் வைத்துப் பொங்குவதும், மார்கழி விடுமுறைக்கு முன் ஒளி விழாவிலே மாட்டுக்கொட்டில் அமைத்துப் பாலனை வரவேற்பதும், தேசிக்காயைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு தாய்மாரும் ஓடும் விளையாட்டுப் போட்டியும் எல்லாம் இதே வகையைச் சேர்ந்தவையே. சைவப் பிள்ளைகளும் கிறித்தவப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில், வாணி விழாவுக்குத் தோரணம் கட்டிய கைகளே ஒளி விழாவுக்கு நட்சத்திரக் கூடும் கட்டுகின்றன. முசுலிம் பள்ளிகளில் மீலாத் விழா நாளும் இத்தகையதே.

வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்து வரும் நவராத்திரியில், உங்கள் பிள்ளை அங்கே படிக்கட்டும், படிக்காமற் போகட்டும், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். ஒரு தேங்காயோ ஒரு பிடி அரிசியோ கொண்டு செல்லுங்கள். பெயர் எழுதுவிக்க வேண்டாம். முன்வரிசையில் உங்களுக்கென்று கதிரை போட்டால் அதனை முதியவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பந்தி தொடங்கும்போது பிள்ளைகளோடு பாயில் அமருங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேளாதீர்கள். "நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேளுங்கள். மாவிலை பறித்த கதையையும், வாங்கு தூக்கிய கதையையும், பூத்தட்டு ஏந்திய கதையையும் அந்தப் பிள்ளை சொல்லி முடிக்குமுன் இலையில் அவல் தீர்ந்துவிடும்.