மகளுக்கு வந்த ரெண்டு கடிதம்

போன சித்திரைக் கடைசியில மஞ்சள் நடவுக்குத் தோட்டத்தைத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன். பொண்ணு போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வரப்புல ஓடி வந்தாள். "அப்பா, ரெண்டு காலேஜ்லயும் இடம் கிடைச்சிருச்சுங்கப்பா!"

பி.எஸ்சி. விவசாயம் முடிச்சு, கோபி பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில மூணு வருஷம் வேலை பார்த்தவள். "விளைய வைக்கத் தெரியுது, விக்கத் தெரியலீங்கப்பா. நான் எம்.பி.ஏ. படிக்கணும்"னு சொன்னாள். வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரியில படிச்சு, நவம்பர்ல கேட் பரீட்சை எழுதினாள். ரெண்டு மணி நேரப் பரீட்சை. கொடுத்திருக்கிற விடையில தப்பானதைத் தேர்ந்தெடுத்தா மார்க்கும் குறையும். நேர்காணல்ல, "விலை ஏறும்னு தெரிஞ்சும் விவசாயி ஏன் மஞ்சளை உடனே விக்கறாரு?"னு கேட்டாங்களாம். "எங்கப்பாவுக்கு நடவுக் கடன் நிக்குதுங்க"ன்னு பதில் சொல்லியிருக்காள். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, சங்கடமாவும் இருந்துச்சு.

முதல் கடிதம் பெரிய ஊர்ல இருக்கிற பேர் போன காலேஜ். "10 லட்சம் உதவித்தொகை"ன்னு பெரிசா போட்டிருந்தாங்க. ரெண்டாவது கொஞ்சம் சின்னது. வேளாண் வணிகத்துக்குன்னே உள்ள படிப்பு. உதவித்தொகை 3 லட்சம். சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே குரல்ல, "பத்து லட்சத்தை விடலாமா?"ன்னாங்க. எனக்கும் அதே நினைப்புதான். மனசுக்குள்ள ரோட்டோர அரை ஏக்கருக்கு விலை போட்டுட்டேன். சைட் போடறவங்க ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பொண்ணு ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வந்தாள். "மஞ்சள் வித்தா எப்படிங்கப்பா கணக்குப் பார்ப்பீங்க?" குவிண்டால் விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியுமா? வெட்டுக் கூலி, வேக வைக்க, காய வைக்க, பாலிஷ் போட, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக மிச்சம்தானே நம்முது. "இதையும் அப்படியே பார்க்கலாம்"னாள்.

முதல் காலேஜ்ல ரெண்டு வருஷத்துக்கு 20 லட்சம் கட்டணம். ஹாஸ்டல், சாப்பாடு 3 லட்சம். உதவித்தொகை வருஷத்துக்கு 5 லட்சம். ஆனா ரெண்டாம் வருஷம் வேணும்னா வகுப்புல முதல் பத்து சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு. வந்தா கைச்செலவு 13 லட்சம், வரலைன்னா 18. ரெண்டாவது காலேஜ்ல கட்டணம் 9 லட்சம், ஹாஸ்டல் ரெண்டரை. உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கறது. பாஸ் ஆனாலே ரெண்டு வருஷமும் வரும். கைச்செலவு எட்டரை லட்சம். அவளோட சேமிப்பு 2 லட்சம் போனா ஆறரை.

"நீ முதல் பத்துக்குள்ள வர மாட்டியா கண்ணு?"ன்னேன்.

"வரலாம். அங்க வர்ற எல்லாரும் இப்படித்தான் நினைச்சு வருவாங்க. மழை வரும்னு நம்பி நெல்லு நடுவீங்களாப்பா?"

என்கிட்ட பதில் இல்லை.

மறுநாள் பேங்குக்குப் போனோம். அந்தக் கிளையில சொன்னது இது: ஏழரை லட்சம் வரைக்கும் ஈடு வேண்டாம். அதுக்கு மேல போனா வீட்டுப் பத்திரம் மாதிரி ஏதாவது வைக்கணும். விவசாய நிலத்தை இந்தக் கடனுக்கு எடுக்க மாட்டாங்க. படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் தவணை இல்லை. ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். காலேஜுக்குக் காலேஜ், பேங்குக்குப் பேங்கு இது மாறும், நேர்ல கேட்டுக்கங்க.

முதல் காலேஜ்ல சம்பளம் அதிகம்னு தம்பி மகன் சொன்னான். பொண்ணு ஒத்துக்கிட்டாள். ஆனா சராசரியைப் பார்க்காம, வரிசையில நடுவுல நிக்கிறவங்க சம்பளம் என்னன்னு ரெண்டு இடத்துலயும் எழுதிக் கேட்டாள். நாலு பேருக்குப் பெரிய சம்பளம் கிடைச்சா சராசரி தூக்கிக் காட்டுமாம். நடுச் சம்பளத்துலயும் முதல் காலேஜ்தான் மேல. ஆனா ஒன்பதரை லட்சம் வரைக்கும் கூடக் கடன் வாங்கற அளவுக்கு வித்தியாசம் இல்லை. உதவித்தொகையை ரெண்டு வருஷத்துக்கும் நிச்சயமாக்க முடியுமான்னும் கேட்டுப் பார்த்தாள். மரியாதையா முடியாதுன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கட்டணும்னு நினைவும் படுத்தினாங்க.

வியாழன் ராத்திரி நான் கேட்டுட்டேன்: "அரை ஏக்கருக்காக நீ சின்னதை எடுத்துக்கறியா சாமி? வித்துடலாம், எனக்கு வருத்தமில்லை."

கொஞ்ச நேரம் பேசலை. "பாதி அதுக்காகத்தாங்கப்பா. மீதிப் பாதி, எனக்கு அந்தப் பாடம்தான் வேணும். ரெண்டு மாசம் விவசாயிங்க கம்பெனியில போய் வேலை செய்யச் சொல்றாங்க. இன்னொண்ணுல பேங்கு, சாஃப்ட்வேர்தான் அதிகம்."

அந்த முதல் பாதி எனக்கு இன்னும் உறுத்துது. மறைச்சுச் சொல்றதுல அர்த்தமில்லை. நிலம் இல்லாத அப்பனா இருந்திருந்தா அவள் வேற மாதிரி முடிவு எடுத்திருப்பாளோன்னு சில ராத்திரி நினைப்பு வரும்.

இப்ப முதல் வருஷம் போயிக்கிட்டிருக்கு. போன வாரம் போன்ல, "இந்தத் தடவை மஞ்சளை உடனே விக்காதீங்க, கிடங்குல வச்சு ரசீது மேல கடன் வாங்கலாம், நான் விசாரிக்கறேன்"ன்னாள். ரோட்டோர அரை ஏக்கர்லயும் மஞ்சள்தான் நிக்குது.

உங்க வீட்டுலயும் பிள்ளைங்க இப்படிக் கடிதத்தோட வந்தா, பெரிய எழுத்தை அப்புறம் படிங்க. சின்ன எழுத்தை முதல்ல படிங்க.